நல்லாய் எழுதின மனு

தட்டத்தில் கொண்டுபோன பொங்கல் போனபடியே திரும்பி வந்தது. மேலே மூடியிருந்த வாழையிலைத் துண்டுகூட விலகவில்லை. கொண்டுபோனவளும் நான்தான், திரும்பக் கொண்டுவந்தவளும் நான்தான்.

அன்று தைப்பொங்கல். நான் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில் பொங்கி, சூரியனுக்குப் படைத்து, கற்பூரம் காட்டியதும் அம்மா எடுத்து வைத்த முதல் தட்டம் ரதி மச்சாளுக்கு. ரதி மச்சாள் என் மாமாவின் மகள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். எங்கள் வீட்டிலிருந்து நான்கு படலை தள்ளி, எங்கள் ஒழுங்கை, அந்தக் குறுகிய தெரு, கடலில் போய் முடியும் இடத்தில் அவருடைய வீடு.

மச்சாள் படலையைத் திறந்துகொண்டு வந்து தட்டத்தை இரண்டு கைகளாலும் வாங்கினார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அடியில் நல்ல சூடு. விரல்களை மாற்றி மாற்றிப் பிடித்தார். பிறகு திரும்பவும் என் கையில் வைத்தார்.

"குறை நினையாதை தர்சி. படைச்சதை நான் இப்ப சாப்பிடுறேல்லை. மாமியிட்டைச் சொல்லு."

நான் திரும்பி நடந்தேன். பொங்கல் நாளில் தட்டம் கொண்டுபோகும் பிள்ளையை யாரும் பார்ப்பதில்லை. நிறைந்த தட்டத்தோடு திரும்பி வருகிறவளை எல்லோரும் பார்ப்பார்கள். எங்கள் பக்கம் வெறுந்தட்டம்கூடத் திரும்பாது. இரண்டு வாழைப்பழமாவது, ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் தருவார்கள். நான்கு படலைகளிலும் ஆட்கள் நின்றார்கள்.

அம்மா இலையைத் தூக்கிப் பார்த்தார். குசினிக்குள் கொண்டுபோய் வைத்தார். மத்தியானத்துக்கு முன்பே ஒழுங்கை முழுவதற்கும் செய்தி தெரிந்துவிட்டது: ரதி அல்லேலூயாவாகி விட்டாள்.

எழுதத் தெரிந்த வீடு

போன வாரம் பல்கலைக்கழகத்தின் முதல் நாளைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரம் அதற்கும் சில ஆண்டுகள் பின்னே போகிறேன். புதிதாக வாசிக்க வருகிறவர்களுக்கு என் வீட்டைப் பற்றி இவ்வளவு போதும்: கொழும்புத்துறையில் கடற்தொழில் செய்யும் குடும்பம். அப்பா மூன்றாம் வகுப்போடு வள்ளத்தில் ஏறியவர். அம்மா அந்த வகுப்பு வரைக்கும்கூடப் போகவில்லை. எங்கள் வீட்டில் ஒரு பரீட்சை எழுதிச் சித்தியடைந்த முதல் ஆள் நான்.

இதில் எனக்குப் பெருமை உண்டு. பெருமைப்படாதே என்று எனக்குப் புத்தி சொன்ன எல்லோரும் மூன்று தலைமுறையாகப் படித்த வீட்டுக்காரர்கள்.

பதினைந்து வயதிலிருந்தே ஒழுங்கையின் கடிதங்கள் என்னிடம்தான் வந்தன. பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பம், வலை அறுபட்டதற்கு முறைப்பாடு, குழாய்க் கிணறு வேண்டிக் கடிதம். தர்சி எழுதினால் அரசாங்கக் கந்தோரில் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. எங்கள் படலையில் சைக்கிளைச் சாத்திவிட்டு, கையில் ஒரு வெறும் தாளோடு, என்னைவிட நாற்பது வயது மூத்தவர்கள் காத்து நிற்பார்கள். நான் பேனாவைத் திறக்கும்போது அவர்கள் கதையை நிறுத்திவிடுவார்கள். அந்த அமைதி எனக்குப் பிடிக்கும்.

ஒழுங்கைக்கு எழுதிய கடிதங்களில் மிக நன்றாக வந்தது, ரதி மச்சாளுக்கு எதிராக எழுதியது.

பழைய வேதமும் புதிய வேதமும்

எங்கள் ஒழுங்கை பெரிய வீதியில் ஏறும் இடத்தில் ஒரு கத்தோலிக்கத் தேவாலயம் இருக்கிறது. அதன் மணி அடித்தால் அப்பா நேரம் பார்ப்பார். அதன் திருநாளுக்கு எங்கள் ஆட்களின் வள்ளங்களும் சோடிக்கப்படும். அம்மா செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துவார். வெள்ளிக்கிழமைகளில் அம்மன் கோயிலுக்குப் போவார். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவரிடம் போகவில்லை, இரண்டு பேருக்கும் தெரியும் என்பார்.

வேதக்காரர் என்று நாங்கள் சொல்லும் அந்தக் கத்தோலிக்கக் குடும்பங்கள் எங்கள் பொங்கலைச் சாப்பிடும். நத்தாருக்கு அவர்களுடைய பலகாரம் எங்களுக்கு வரும். அவர்கள்மேல் ஒழுங்கையில் யாரும் ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் வரலாற்றுப் பாடத்தில் நான் படித்தது வேறு. போர்த்துக்கேயர் வந்து கோயில்களை இடித்தார்கள் என்று புத்தகத்தில் இருந்தது. பரீட்சைக்கும் அது வந்தது. நான் அதற்கு நல்ல புள்ளி எடுத்தேன். விடையை எழுதி முடித்து வீட்டுக்கு வரும் வழியில் அதே தேவாலயத்தின் நிழலில் சைக்கிளை நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. யாருக்கும் வருவதில்லை.

இன்னொன்று. உடுவிலில் மிஷனரிமார் தொடங்கிய ஒரு பழைய பெண்கள் கல்லூரி இருக்கிறது. தொடக்கத்தில் தங்கள் பெண்பிள்ளைகளை அங்கே விட ஊர் பயந்தது, வேதத்தில் சேர்த்துவிடுவார்கள் என்று கதைத்தது என எங்கள் ஆசிரியை சொல்லியிருக்கிறார். இப்போது அங்கே ஒரு இடம் கிடைப்பதற்குச் சைவ வீட்டுக்காரர்கள் ஆள் பிடித்து அலைகிறார்கள். எங்கள் அம்மன் கோயில் தலைவர் கனகண்ணை தன் மகளை அங்கேதான் படிப்பித்தார். மகளின் பாடசாலைச் சின்னத்தைச் சட்டம் போட்டுச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியும் வைத்திருந்தார்.

அந்தச் சாமிப் படங்களைப் பார்த்தபடி இருந்துதான், மச்சாளின் கொட்டிலை என்ன செய்வது என்று ஊர்ப் பெரியவர்கள் கூடிக் கதைத்தார்கள்.

கொட்டில் என்றால் மச்சாளின் வீட்டுச் சுவரோடு சேர்த்துத் தகரம் போட்ட ஒரு இறக்கம். பன்னிரண்டு பிளாஸ்ரிக் கதிரை. ஒரு கீபோட். ஞாயிறு காலை அரியாலைப் பக்கமிருந்து ஒரு போதகர் மோட்டார் சைக்கிளில் வருவார். ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். பாடுவார்கள், சிலர் அழுவார்கள், பிறகு தேத்தண்ணியும் பிஸ்கட்டும். மூட்டை மூட்டையாக அரிசி வந்து இறங்குகிறது என்று ஒழுங்கையில் சொன்னார்கள். வந்து இறங்கினால் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். நான் கண்டதில்லை.

குங்குமத் தட்டு

மச்சாளின் புருஷன் தொழிலுக்கென்று முல்லைத்தீவுப் பக்கம் போனவர். கடைசி யுத்தம் முடிந்த பிறகும் வரவில்லை. செத்துப்போனார் என்று சொல்ல ஒரு ஆளும் இல்லை, இருக்கிறார் என்று சொல்லவும் ஒரு ஆள் இல்லை.

கோயிலில் இதனால் ஒரு சிக்கல் வந்தது. அதை நான் நேரில் பார்த்தேன். விளக்குப் பூசை நாளில் பெண்கள் வரிசையாக இருந்தோம். குங்குமத் தட்டுக் கொண்டுவந்தவர் மச்சாளுக்கு முன்னால் வந்ததும் நின்றார். நீட்டலாமா, விடலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். அவர்களுக்கும் தெரியவில்லை. தட்டு கொஞ்ச நேரம் ஆடிவிட்டு அடுத்த ஆளுக்குப் போனது. அடுத்த ஆள் நான். நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

யாரும் மச்சாளை எழும்பச் சொல்லவில்லை. யாரும் கெட்டவர்களும் அல்ல. அடுத்த விளக்குப் பூசைக்கு மச்சாள் வரவில்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தப் பொங்கல்.

அப்போது இந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஐந்து காரணங்கள்

கனகண்ணை ஒரு பின்னேரம் நீளத் தாள்களோடு வந்தார். அவர் நல்ல மனிதர். என் சாதாரண தரப் பரீட்சை முடிவு வந்தபோது ஒழுங்கை முழுவதற்கும் கற்கண்டு கொடுத்தவர்.

"பிள்ளை, கந்தோர்த் தமிழிலை ஒண்டு எழுதித் தா. ரதியிலை எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. உந்தக் கூட்டத்தைத்தான் நிப்பாட்டவேணும்."

நான் மேசையில் இருந்தேன். முதல் வரி உடனே வந்தது. 'அமைதியாக வாழ்ந்து வரும் எமது கிராமத்தில், அண்மைக்காலமாக ஒரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில்' என்று தொடங்கியது. எழுதி முடித்ததும் அதை எனக்குள் இரண்டு தரம் வாசித்தேன். அரசாங்க அறிவித்தல் போல இருந்தது.

காரணங்கள் ஐந்து. இசைக்கருவிகளின் பேரொலி. அனுமதி பெறாத கட்டடம். வெளியூரவர் வந்து கூடுதல். மாணவர்களின் கல்விக்கு இடையூறு. பண்பாட்டுச் சீரழிவு. நான்காவது என் சொந்தக் காரணம்; கீபோட் சத்தம் என் மேசைக்குக் கேட்கும், ஞாயிறு காலையில் நான் கணக்குச் செய்வேன். ஐந்தாவதற்கு என்ன கருத்து என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். ஐந்து இருந்தால் நிறைவாக இருக்கும் என்று போட்டேன்.

அம்மா அரிவாளைக் கழுவி வைத்துவிட்டு வந்து என் பின்னால் நின்றார்.

"உதிலை ரதியின்ரை பேர் கிடக்கோ?"

இல்லை என்றேன். அது உண்மை. ஒரு வீட்டில் என்றுதான் எழுதியிருந்தேன்.

நாற்பதுக்கு மேல் கையெழுத்து விழுந்தது. என்னுடையது இல்லை. எழுதிக் கொடுக்கிறவள் கையெழுத்து வைப்பதில்லை என்பது நானாக வைத்திருந்த ஒரு முறை.

விதானையார் கந்தோரில்

விசாரணைக்கு ஒரு நாள் குறித்தார்கள். விதானையார் என்று நாங்கள் சொல்லும் கிராம அலுவலரின் கந்தோரில், இருப்பதற்கு வாங்குகள் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் நாங்கள். மற்றப் பக்கம் மச்சாளும் போதகரும். பெரிய கந்தோரிலிருந்து வந்திருந்த உத்தியோகத்தர் மனுவை முழுவதும் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தான் இந்த வேலைக்கு வந்து இப்படித் திருத்தமான ஒரு மனுவைக் கண்டதில்லை என்றும், இதை யார் எழுதியது என்றும் கேட்டார்.

கனகண்ணை என்னைக் காட்டினார். நான் எழும்பி நின்றேன்.

மச்சாளுக்கு அதுவரை தெரியாது. அவருடைய முகம் என் பக்கம் திரும்பியது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு இருந்தது பெருமை மட்டும்தான். வேறு ஏதாவது இருந்தது என்று இப்போது எழுதினால் பொய்.

உத்தியோகத்தர் தன் வேலையைச் சரியாகவே செய்தார். ஒலிபெருக்கி உண்டா என்று போதகரைக் கேட்டார். இல்லை என்றார் போதகர். அம்மன் கோயிலில் எத்தனை என்று கனகண்ணையைக் கேட்டார். நான்கு. கோயிலுக்குக் கட்டட அனுமதி உண்டா? தேடிப் பார்க்கவேண்டும் என்றார் கனகண்ணை. திருவிழாவுக்கு வெளியூரவர் வருவார்களா? வருவார்கள்.

"அது கோயில் ஐயா" என்றார் கனகண்ணை. சண்டைக்குச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

உத்தியோகத்தர் தலையாட்டினார். அவரும் எங்கேயோ ஒரு கோயிலுக்குப் போகிறவர்தான். அனுமதி கிடைக்கும்வரை அந்த வீட்டில் கூட்டு வழிபாடு நடத்தக்கூடாது என்று எழுதி, மச்சாளிடம் கையெழுத்து வாங்கினார்.

மச்சாள் கையெழுத்து வைத்துவிட்டு மனுவை எடுத்துப் பார்த்தார். அவர் எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவர். வாசிக்கத் தெரியும். என்னைப் பார்த்துச் சொன்னது ஒரு வரிதான்.

"எழுத்து வடிவாய்க் கிடக்கு."

அனுமதி வரவில்லை. கதிரைகள் ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏறிப் போயின. தகரத்தைக் கழற்றி மச்சாள் ஆட்டுக் கொட்டிலுக்குப் போட்டார். அதற்குப் பிறகு ஞாயிறு காலைகளில் ஒரு வெள்ளைச் சீலையோடு பஸ் ஏறி அரியாலைக்குப் போனார். பஸ் வராத ஞாயிறுகளில் படலையில் நின்றுவிட்டுத் திரும்பி உள்ளே போய்விடுவார். என் மேசையிலிருந்து அது தெரியும். நான் கணக்குச் செய்தேன். நல்ல பெறுபேறு வந்தது.

யாரில் கோபப்படலாம்

ஏன் சில சமயங்களில் மட்டும் ஊருக்கு இவ்வளவு கோபம் வருகிறது என்பதைப் பிறகு பல்கலைக்கழகத்தில் ஒரு ஒப்படையாகக்கூட எழுதினேன். அதில் பெரிய சொற்கள் நிறைய இருந்தன. இப்போது எனக்குத் தெரிவது அதைவிடச் சின்னது.

நம்பிக்கையில் யாருக்கும் கோபமில்லை. எங்கள் ஒழுங்கையில் மற்றவர்களுடைய வேதத்தைப் படித்துப் பார்த்து, இன்ன பக்கத்தில் இன்ன வரி பிழை என்று கோபப்பட்டவர் ஒருவரும் இல்லை. தங்களுடையதையும் அதிகம் பேர் படித்ததில்லை. கோபம் வேறு இடத்திலிருந்து வருகிறது. எங்கள் வீட்டிலிருந்து ஒரு ஆள் எழும்பிப் போகும்போது வருகிறது. கத்தோலிக்கர் எங்களிடமிருந்து போய் எத்தனையோ தலைமுறை. போனவர்களின் முகம் எங்களுக்கு ஞாபகம் இல்லை. ரதி மச்சாளின் முகம் ஞாபகம் இருக்கிறது. திரும்பி வந்த தட்டமும் ஞாபகம் இருக்கிறது.

ஆனால் அது மட்டும் என்றும் சொல்லமுடியாது. இராணுவ முகாமோடு சேர்த்து ஒரு புத்தர் சிலை எழும்பினால் ஒழுங்கையில் கதை உண்டு. மிகவும் தாழ்ந்த குரலில் உண்டு. அதற்கு மனு எழுதித் தா என்று யாரும் என்னிடம் தாள் கொண்டு வந்ததில்லை. புத்தர்மேல் எங்களுக்கு என்ன? நயினாதீவுக்குப் போகிற எங்கள் ஆட்கள் அம்மனைக் கும்பிட்டுவிட்டு விகாரையிலும் ஒரு பூ வைத்துவிட்டுத்தான் வள்ளம் ஏறுவார்கள். சிலைக்குப் பின்னால் நிற்கிறவனில்தான் கோபம். அவன் பெரியவன் என்றபடியால் அந்தக் கோபம் வாய்க்குள்ளேயே நிற்கும். கொட்டிலுக்குப் பின்னால் ஒருவரும் நிற்கவில்லை. பன்னிரண்டு கதிரைதான்.

தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த ஈஸ்டருக்குப் பிறகு ஒரு நாள் யாழ்ப்பாண பஸ்ஸில் வந்தேன். முக்காடு போட்ட ஒரு பெண், மடியில் பிள்ளை, பக்கத்து இருக்கை வெறுமை. பஸ்ஸில் பத்துப் பேருக்கு மேல் நின்றோம். அந்தப் பெண் பிள்ளையை யன்னல் பக்கம் நகர்த்தி, இருக்கையின் மேல் கிடந்த தன் பையையும் எடுத்துக் கீழே வைத்தார். இடம் இருக்கிறது என்று காட்டுவதற்கு. ஒருவரும் இருக்கவில்லை. எனக்கு அப்போது இந்த விடயத்தில் ஒப்படை எழுதி நல்ல புள்ளி கிடைத்திருந்தது. நானும் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தேன்.

காதர் நானாவின் பெட்டி

எங்கள் வீட்டின் பின்பக்கக் கோடியில் தடித்த பலகையில் ஒரு ஐஸ் பெட்டி கிடக்கிறது. அதற்குள் கோழி அடைகாக்கும். அது காதர் நானாவுடையது. யாழ்ப்பாணத்துச் சோனகர், அப்பாவின் நண்டையும் றாலையும் வாங்கி விற்றவர். தொண்ணூறில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் இயக்கம் ஒரே நாளில் வெளியேறச் சொன்னபோது அவரும் போனார். பெட்டி எங்கள் வீட்டில் நின்றுவிட்டது. நான் பிறக்க முன்னர் நடந்தது இது.

அப்பா இதை ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறார். அப்போது நீங்கள் எல்லோரும் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். வலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"பாத்துக்கொண்டு நிண்டம். கூடாது எண்டு சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரேல்லை. பேந்து, அவை திரும்பி வந்தால் என்ன செய்யிறது எண்டுதான் ஊரிலை கதைச்சவை."

கோப்பு

படிப்பு முடிந்து எனக்கு ஒரு பிரதேச செயலகத்தில் வேலை கிடைத்தது. முறைப்பாடுகளைப் பார்த்து, இடத்துக்குப் போய், அறிக்கை எழுதுவது என் வேலையில் ஒரு பங்கு. சில மாதங்களுக்கு முன்னர் ஒரு கோப்பு வந்தது. கடற்கரை ஒழுங்கை ஒன்றில் வாடகைக்கு வீடு எடுத்து நண்டு வாங்கும் ஒருவருக்கு எதிரான மனு. அவர் பெயர் றசீக். வேலையாட்கள் ஆறு பேரோடு முன் அறையில் தொழுகிறார் என்பது குற்றம்.

மனுவைத் திறந்தேன். 'அமைதியாக வாழ்ந்து வரும் எமது கிராமத்தில், அண்மைக்காலமாக ஒரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில்' என்று இருந்தது.

நான் யன்னலைப் பார்த்தேன். பிறகு திரும்பவும் வாசித்தேன். ஐந்து காரணங்களும் அப்படியே இருந்தன. இசைக்கருவிகளின் பேரொலி இருந்தது. மாணவர்களின் கல்வி இருந்தது. கிறிஸ்தவ சபை என்று நான் எழுதிய இடத்தில் மட்டும் முஸ்லிம்கள் என்று மாற்றி, தட்டச்சில் அடித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை என்று மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

இடத்துக்குப் போனேன். முன் அறையில் சுருட்டி வைத்த ஏழு பாய்கள். இசைக்கருவி என்று சொல்ல ஒரு வானொலிகூட இல்லை. றசீக் எனக்குக் கதிரை தந்தார். தன் வாப்பாவும் இந்தக் கரையில்தான் தொழில் செய்தவர் என்றார். வாப்பாவின் பெயரைக் கேட்டேன். காதர் என்றார். பெட்டியைப் பற்றி அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. உத்தியோகத்தராகப் போயிருந்தேன்.

பின்னேரம் கனகண்ணையைக் கோயில் வாசலில் கண்டேன். மனு எப்படி அந்த ஒழுங்கைக்குப் போனது என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை. போட்டோக் கொப்பி எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்திருந்தாராம். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாராம். இதுவரை நான்கு ஐந்து இடத்துக்குப் போயிருக்கிறதாம்.

"நல்லாய் எழுதின மனு பிள்ளை. எறிய மனம் வரேல்லை."

"ஞாயிற்றுக்கிழமை எண்டு கிடக்கு அண்ணை. அவை வெள்ளிக்கிழமையெல்லோ தொழுகிறவை."

"அதை ஆர் பாக்கப்போகினம்" என்று சிரித்தார். "நீ படிச்ச பிள்ளை, நீதான் பாப்பாய்."

அறிக்கையில் உண்மையை எழுதினேன். முறைப்பாட்டில் சொல்லப்பட்ட எதுவும் அந்த இடத்தில் இல்லை என்று எழுதினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இந்த வாசகங்கள் வேறொரு வீட்டுக்காக முன்னர் எழுதப்பட்டவை, எழுதியது நான், அந்த வீட்டுக்கும் இவை பொருந்தவில்லை என்றும் சேர்த்தேன். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, கடைசிப் பந்தி தேவையில்லையே என்றார். இருக்கட்டும் என்றேன். கோப்பை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டார்கள். றசீக் இன்னும் அங்கேதான் நண்டு வாங்குகிறார். ஐஸ் பெட்டியை அப்பா கழுவிக் காயவைத்து, ஒரு காலை வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார். கோழிக்கு வேறு இடம் பார்த்தோம்.

இரண்டாவது மனு

அதற்கு அடுத்த ஞாயிறு பஸ் வரவில்லை. மச்சாள் படலையில் நின்றுவிட்டு உள்ளே திரும்பினார். நான் எழும்பிப் போனேன். இத்தனை ஆண்டில் நல்லது கெட்டதுக்குக் கண்டு கதைத்திருக்கிறோம். அவருடைய வீட்டுக்குள் நான் போய் இருக்கவில்லை.

றசீக்கின் கோப்பைப் பற்றிச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மாறாமல் கிடந்ததைச் சொன்னபோது மச்சாள் சிரித்துவிட்டார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார்.

"நீங்கள் எல்லாரும் அரிசிக்குப் போறன் எண்டு நினைச்சியள். அங்கை ஒருத்தரும் பொட்டு வைக்கிறேல்லை, தர்சி. அதாலை என்ரை நெத்தியைப் பாக்கிறவையும் இல்லை. அவ்வளவுதான்."

நான் மன்னிப்புக் கேட்க வந்திருந்தேன். அந்தச் சொல் எனக்கு வரவில்லை. வந்தது என் தொழில்தான். வீட்டிலேயே கூடிச் செபிக்க அனுமதி கேட்டுத் திரும்ப விண்ணப்பிக்கலாம், நான் எழுதித் தருகிறேன் என்றேன். கிடைக்கும் என்று சொல்லமுடியாது என்பதையும் சொன்னேன்.

மச்சாள் ஆட்டுக் கொட்டிலின் தகரத்தைப் பார்த்தார். பிறகு மேசையைத் துடைத்தார். ஒரு கொப்பியிலிருந்து நடுத்தாளைக் கிழித்து வைத்தார்.

"அப்ப எழுதினமாதிரி வடிவாய் எழுதுவியோ?"

"ஓம் மச்சாள்."

பேனாவைத் திறந்தேன். கை தன் பாட்டில் தொடங்கியது. 'அமைதியாக வாழ்ந்து வரும் எமது கிராமத்தில்' என்று எழுதி முடித்த பிறகுதான் என்ன எழுதியிருக்கிறேன் என்று கண்டேன். வெட்டுவதற்குக் கோடு இழுக்கப் போனேன்.

மச்சாள் தாளின் மேல் விரலை வைத்தார்.

"வெட்டாதை. இந்தமுறை அதுக்குள்ளை நானும் இருக்கிறன் தானே."

வெட்டவில்லை. விண்ணப்பம் ஒரு பக்கத்துக்குள் முடிந்தது. காரணம் என்ற இடத்தில் ஒன்றுதான் இருந்தது: ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஒழுங்காக வருவதில்லை. மச்சாள் கையெழுத்து வைத்தார். பேனாவை வாங்கி, அவருடைய பெயருக்குக் கீழே, அதே ஒழுங்கையில் வசிப்பவள் என்று எழுதி, என் பெயரையும் முகவரியையும் போட்டு, நானும் வைத்தேன்.